இரண்டு கோடு போட்ட சாவி

கடைத்தெருவில் சாவிக்காரர் என்றால் தெரியாதவர் இல்லை. யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு, தான் வாங்கப்போகும் வீட்டின் கதவு மட்டும் எட்டு மாதமாகத் திறக்கவில்லை.

அவர் குடியிருந்தது மூன்றாம் மாடியில், வாடகைக்கு. லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் நடந்ததிலிருந்து அவள் தெருவுக்கு இறங்கியதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் உச்சந்தலைகளைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. "இங்கேருந்து பார்த்தா பாதி ஊருக்கு வழுக்கை" என்று சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. அதனால்தான் ஒரு தரைத்தள வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதினார்.

விற்பவர் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். தங்கமான மனிதர், ஆனால் வீட்டை விட்டு நகர்வதாக இல்லை.

"நான் ரெடி சார். நான் போகவேண்டிய வீட்டுல மருந்துக்கடைக்காரர் இன்னும் இருக்காரே. அடுத்த வாரம் காலி பண்ணிடுவார்."

மருந்துக்கடைக்காரருக்கு போன் போட்டால் அவரும் ரெடிதான். "நான் வாங்கின வீட்டுல ஒரு வாடகைக்காரன் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கான். எப்போ கேட்டாலும் அடுத்த வாரம்னு சொல்றானாம்."

அந்த முகம் தெரியாத ஆளைச் சாவிக்காரர் வாய் வலிக்கத் திட்டினார். நடுநடுவே, வெளியூரிலிருந்த அவருடைய வீட்டு ஓனர் போன் செய்து எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்பார். வாத்தியார் சொன்னதை நம்பி, இவரும் அடுத்த வாரம் என்பார்.

ஒருநாள் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ரசீதுப் புத்தகத்தின் பின்னால் கட்டம் போட்டுப் பார்த்தார். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். கடைசிக் கட்டத்துக்குப் பெயர் தெரியாததால் 'நகராதவன்' என்று எழுதி வைத்தார்.

மறுநாள் ஓர் அம்மா சாவி ஒன்றை நீட்டினாள். "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. வாங்கின வீடு. சாவி கைக்கு வந்து என்ன பிரயோஜனம், உள்ளே போக முடியலை."

சாவிக்காரர் பேச்சைக் காதில் வாங்கியபடியே வெட்டினார், பிசிறைத் தேய்த்தார், தூளை ஊதினார். பிறகு கை தன்பாட்டுக்கு அரத்தை எடுத்து, புதுச் சாவியின் தலையில் இரண்டு கோடு இழுத்தது.

திக்கென்றது. இருட்டில் மனைவி தடவிப் பார்த்தே அடையாளம் தெரிந்துகொள்ள, தன் வீட்டுச் சாவிக்கு மட்டும் அவர் போடும் கோடு அது. அந்த அம்மா கொடுத்த பழைய சாவியைத் திருப்பினார். அதிலும் இரண்டு கோடு. ஓனருக்கு அவரே வெட்டிக் கொடுத்த சாவி.

"எந்த வீடும்மா இது?"

"தபாலாபீஸ் பின்னாடி, மூணாவது மாடி. எங்க வீட்டுக்காரருக்கு மருந்துக்கடை பக்கத்துலயே. அந்த வாடகைக்காரனுக்கு மனசாட்சியே இல்லைண்ணே."

ஓனர் விற்றதைச் சொல்லவே இல்லையே என்று ஒரு பக்கம் கோபம். மறுபக்கம் மூளை கட்டங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வாத்தியாருக்காக, வாத்தியார் இவர்களுக்காக, இவர்கள் எனக்காக.

"அந்த ஆள் நான்தாம்மா" என்றார்.

அவள் அவரையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ யாருதாண்ணே தாமதம் பண்றது?"

அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் கட்டங்களைக் காட்டினார். அவள் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்.

"யாராவது ஒருத்தர் முதல்ல வெளியே வரணும், அவ்வளவுதானே. உங்க தங்கச்சி வீட்டு முன்னறை சும்மாதானே கிடக்கு. பத்து நாள் இருந்துட்டுப் போவோம்."

"மூணு மாடி. நீ எப்படி இறங்குவே?"

"உக்காந்து."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினாள். ஐம்பத்து நான்கு படி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒரு படி கீழே அவர் பின்பக்கமாகவே நடந்தார், இரண்டு கையையும் நீட்டியபடி. நடுவில் ஒருமுறை அவள் அழுதாள். ஆனால் நிற்கவில்லை.

தெருவில் டாக்சிக்காரர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவள் வாசலில் மூச்சு வாங்க நின்று, டாக்சிக்காரரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏங்க, இவருக்கு நல்லா முடி இருக்கே" என்றாள்.

சாவிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியைத் தேடுகிறவர்போலச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.