போணி ஆகாத கடையில் ஒரு சிட்டிகை உப்பு

இன்று காலை புதுச்சத்திரம் ரோட்டோர டீக்கடையில் இருந்தவர்கள்: நான், என் பேத்தி சங்கீதா, கடைக்காரியான என் தங்கச்சி மாராயி, பேர் தெரியாத ஒரு லாரி டிரைவர்.

அடுத்த மாசம் சேலத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயம். அதற்காகச் சங்கீதா ஓடிப் பழகுகிறாள். இன்று வெறும் வயிற்றோடு பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவந்து கடை வாசலில் விழுந்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. நான் கொடுத்த தண்ணீரை அப்படியே கக்கினாள். கண் செருகியது.

"மாராயி, உப்பும் சர்க்கரையும் எடு!"

"இன்னும் போணி ஆகலையேக்கா. அதுக்கு முந்தி கடை உப்பு வெளிய போகக்கூடாது."

"புள்ள உசுரு போகுது, உனக்குப் போணியா கேக்குது?"

என் மடியில் ஒரு ரூபாய்கூட இல்லை. அழுதேன். அவள் காலில் விழவும் குனிந்தேன்.

அப்போதுதான் டிரைவர் லாரியை விட்டு இறங்கி வந்தார்.

"ஏனுங்கம்மா, டீ ஒண்ணு போடுங்க. இந்தாங்க காசு. போணி ஆயிருச்சுங்கல்ல? உப்பக் குடுங்க!"

கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து, சங்கீதா என் கையைப் பிடித்து, "அம்மாயி, பசிக்குது" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாராயி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "போணிக்கு முந்தி உப்பு குடுக்கக்கூடாதுன்னு கடை வெச்ச அன்னிக்கு நீதானக்கா சொல்லிக்குடுத்த?" என்றாள்.

சொன்னேன்தான். ஆவணி மாசம், புதன்கிழமை, அதே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

தப்பு யார் பேரில் என்று நீங்கள் கீழே எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் சாகிறவரை நான் மாராயியை மன்னிக்கப் போவதில்லை.