தவிசாளரின் ஒழுங்கை

முள்ளியவளையில் ஓர் ஒழுங்கை. அந்த ஒழுங்கையின் நடுவில் ஒரு குழி. மாரி பிறந்தால் அந்தக் குழிக்குள் ஒரு முதலை வந்து குடியிருக்கும். தை பிறக்க, அயலட்டைக்குச் சொல்லிக்கொண்டு குளத்துக்குத் திரும்பிப் போகும். முதலை என்பது கொஞ்சம் கூடத்தான். வந்தது ஓர் உடும்பு. அதுவும் ஒரே ஒருமுறை வந்து, குழியின் ஆழத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் குழி இருந்தது சத்தியம். பாண் விற்கிற ஓட்டோ அதற்குப் பயந்து ஒழுங்கை வாசலிலேயே நின்று பாட்டுப் போட்டதும் சத்தியம்.

வேடிக்கை என்னவென்றால், சபையின் தவிசாளர் குடியிருந்தது அதே ஒழுங்கையில்தான்.

வவுனியா மாதிரிப் பெரிய பட்டினமென்றால் மாநகர முதல்வர் என்பார்கள். பிரதேச சபைக்குத் தவிசாளர். பெயர்தான் வேறு, விடிந்தெழும்பினால் கேட்கிற ஏச்சு ஒன்றுதான். சுடலைமுத்து அந்த ஏச்சை இரண்டாவது முறையாகத் தேர்தலில் நின்று வென்று வாங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் சைக்கிள் கடைக்காரர். தவிசாளரான பிறகும் கடை இருந்தது. நடத்தியது அவர் மனைவி நாகேஸ்வரி. சந்தியில் தகரக் கூரைக்குக் கீழே பலகைக் கட்டையில் உட்கார்ந்து, காற்றுப் போன ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் கேட்டுவிடுவாள். சபைக்குப் போக வேண்டியவர்கள் முதலில் அங்கேதான் வந்தார்கள்.

"அக்கா, எங்கட சந்தி லைற் எரியேல்லை. முத்தண்ணையிட்டச் சொல்லுங்கோ."

"நாளைக்குச் சாமத்தியவீடு. கிணறு வத்திப்போச்சு. தண்ணிப் பவுசர் ஒருக்கா வரவேணும்."

"ரோட்டில செத்த நாய் ஒண்டு கிடக்கு."

"அதுக்கும் அவரோ?" என்பாள் நாகேஸ்வரி.

"வேற ஆர் அக்கா இருக்கினம்?"

வேறு ஒருவரும் இல்லைத்தான். பாலர் பாடசாலைக்கு நாடா வெட்டவும் அவர், அண்ணன் தம்பி வேலிச் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு வீட்டுத் தேநீரையும் குடிக்கவும் அவர், கட்டாக்காலி மாடுகளைப் பிடித்தால் மாட்டுக்காரரிடமும் பிடிக்காவிட்டால் பயிர்க்காரரிடமும் பேச்சு வாங்கவும் அவர். ஒருநாள் காலையில் உடையார்கட்டில் செத்தவீடு, பின்னேரம் கரப்பந்தாட்ட இறுதிப்போட்டி. வென்ற அணிக்குக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்த மனிதர், "இந்தத் துயரத்தைத் தாங்கும் சக்தியை" என்று தொடங்கிவிட்டார். தோற்ற அணி எழும்பி நின்று கைதட்டியது.

ஊரில் எந்த மதகு உடைந்தாலும் மறுநாள் போய் நிற்கிற அந்த மனிதர், தன் ஒழுங்கையை மட்டும் தொடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

முதல்முறை பதவிக்கு வந்த கிழமை, சபைத் தொழிலாளர்கள் அன்பு மிகுந்து, தவிசாளர் வீட்டு வாசலில் ஒரு புது லைற் பூட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் சந்தையில் ஒருவர், சுடலைமுத்து மரவள்ளிக் கிழங்கு தெரிவு செய்துகொண்டு நிற்கிறார் என்பது தெரியாமல் சொன்னார்: "தோட்டத்தால வந்ததுகளுக்குக் கதிரை குடுத்தா உப்பிடித்தான். முதல் வெளிச்சம் தன்ர வீட்டுக்கு."

சுடலைமுத்துவின் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மாத்தளைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வன்னிக்கு வந்தவர். மகன் பிறந்தது, காடு வெட்டியது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்து தறப்பாளுக்குள் இருந்தது எல்லாம் இந்த மண்ணில்தான். சுடலைமுத்து கிழங்கை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்து, ஏணி வைத்து, அந்த லைற்றைத் தன் கையாலேயே கழற்றிப் பள்ளிக்கூடச் சந்தியில் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து சபை திருத்துகிற வீதிகளின் பட்டியலில் தன் ஒழுங்கையின் பெயர் வந்தால், பேசாமல் வெட்டிவிடுவார். சொந்தக் கட்சி உறுப்பினர்கள் கேட்டுப் பார்த்து அலுத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அது தலையிடியே இல்லை.

தலையிடி ஒழுங்கைக்காரருக்குத்தான். பக்கத்து வீட்டுச் சிவராசா மதிலுக்கு மேலால் சொல்லுவார்: "முத்தண்ணை தங்கமான மனுசன். அதாலதான் சொல்லுறன், அடுத்தமுறை அவரைத் தோக்கடிக்க வேணும். அவர் தோத்தாத்தான் எங்களுக்கு ரோட்டு."

போன மாரியில் ஒழுங்கையின் கடைசி வீட்டு லாபிருக்கு நெஞ்சு நோவு வந்தது. அம்புலன்ஸ் ஒழுங்கை வாசலிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்ரிக் கதிரையில் லாபிரை இருத்தி, நாலுபேர் முழங்கால் சேற்றில் தூக்கிப் போனார்கள். பின்கால் ஒன்றைப் பிடித்திருந்தவர் சுடலைமுத்து. அந்த நோவிலும் லாபிர் திரும்பிப் பார்த்து, "தவிசாளற்ற கதிரை எண்டு சொல்லுறது இதைத்தானோ?" என்று கேட்டார். லாபிர் பிழைத்துவிட்டார். கதிரையின் கால்தான் பிழைக்கவில்லை.

இந்த முறை விஷயம் பகிடிக்கு அப்பால் போய்விட்டது. லாபிருடைய மகள் றினோஸா தலைப்பிள்ளைக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் மார்கழியில். நடு மாரி. ஏற்கெனவே ஒருமுறை கரு கலங்கிப்போனவள் என்பதால், வலி தொடங்கினால் ஒரு நிமிசமும் சுணங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தாய் சரீபா கடைக்கு வந்து, ஒட்டுவதற்கு ரியூப் ஒன்றும் இல்லாமல், சும்மா நின்றாள்.

"நாகேஸ், புத்தளத்தில இருபது வருசம் அகதியாக் கிடந்திட்டு வந்தம். ஒண்டுக்கும் நான் ஆரிட்டையும் கையேந்தேல்லை. இந்தப் பிள்ளையைக் கதிரையில தூக்கேலாது நாகேஸ்."

நாகேஸ்வரி ரியூப்பைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு எழும்பினாள். "அம்புலன்ஸ் உன்ர வாசல்ல வந்து திரும்பும். நான் சொல்லுறன்."

சொல்லிவிட்டாள். அன்று குசினியில் புருசனுக்குப் புட்டும் சம்பலும் வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, றினோஸாவுக்காக எண்டாலும் ஒரு நாலு லோட் கிரவல்..."

"நான் கை வைக்கமாட்டன் எண்டு உனக்குத் தெரியுந்தானே."

"ஊருக்கெல்லாம் ரோட்டுப் போடுறியள்."

"ஊருக்குப் போடுறன். எனக்குப் போடேல்லை."

"இது உங்களுக்கோ? சரீபாவுக்கு!"

"ஒழுங்கை வாசல்ல என்ர வீடெல்லோ நிக்குது. அவன்ர வீட்டைத் தாண்டித்தானே போட்டது எண்டு கேப்பாங்கள். ஏச்சை நான் வாங்கலாம் நாகேஸ். அப்பாவை ஏன் இழுக்கவேணும்?" என்றார். அதற்குப் பிறகு புட்டை உருட்டிக்கொண்டிருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. 

நாகேஸ்வரி இரண்டு நாள் யோசித்தாள். தவிசாளர் தன் ஒழுங்கையைக் கேட்கக் கூடாது. தவிசாளரின் ஆட்களும் கேட்கக் கூடாது. அப்படியென்றால் கேட்கக்கூடியது ஊரிலே ஒரே ஒரு ஆள். தவிசாளரைக் கண்டால் கடிக்க வருகிற ஆள்.

தயாளினி எதிரணி உறுப்பினர். சந்தைக்குப் பின்னால் தையல் கடை. வாய் கத்தரிக்கோலைவிடக் கூர். ஒவ்வொரு கூட்டத்திலும் சுடலைமுத்துவை ஒரு பிடி பிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு செமிக்காது. நாகேஸ்வரி ஒரு சட்டைத்துணியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"வாங்கோக்கா. என்ன, தவிசாளரம்மா எங்கட பக்கம்?"

"ஒரு சட்டை தைக்க வேணும் பிள்ளை. அதோட... என்ர மனுசனை நல்லா ஏச வேணும்."

தயாளினியின் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒன்று உள்ளே போகப் பார்த்தது. அவள் இருமி, துப்பி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு தேவைக்கு அதிகம் என்று நாகேஸ்வரிக்குப் பட்டது.

"அதை நான் இலவசமாச் செய்யிறனான்தானே அக்கா."

"உப்பிடி இல்லை. தன்ர ஒழுங்கையையே திருத்தத் தெரியாத தவிசாளர் எண்டு சபையில நாறடி. மாட்டன் எண்டு சொல்ல அவருக்கு வழி இருக்கக்கூடாது. நீ கேட்டு வந்த ரோட்டு எண்டா ஒருத்தரும் அவரைச் சொல்லேலாது."

தயாளினி சட்டைத்துணியை வாங்கி மேசையில் வைத்தாள். "சரி. எவ்வளவு தூரம் ஏசலாம்?"

"எவ்வளவும் ஏசு. கடையை மட்டும் இழுக்காத. அது என்ர கை உழைப்பு."

கூட்டத்தன்று நாகேஸ்வரி கடையைப் பூட்டிவிட்டு, சரீபாவையும் கூட்டிக்கொண்டு, பார்வையாளர் வாங்கில் போய் உட்கார்ந்தாள். சுடலைமுத்து உயரமான கதிரையில் இருந்தார். பெண்சாதியைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

தயாளினி எழும்பினாள்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, ஊரெல்லாம் நாடா வெட்டித் திரியிறியள். உங்கட வாசல்ல ஒரு குழி இருக்கு, தெரியுமோ? ஒரு நோயாளியைக் கதிரையில தூக்கிக்கொண்டு போன ஒழுங்கை அது. அந்தச் சனமும் இந்தச் சபைக்கு வரி கட்டுற சனம்தான். தவிசாளருக்குப் பக்கத்தில குடியிருக்கிறதோ அதுகள் செய்த பாவம்?"

சரீபா நாகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே சுடலைமுத்து தலை குனிந்திருந்தார். அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. பதில் சொல்லப் பார்க்கிறார் என்று நாகேஸ்வரி நினைத்தாள்.

தயாளினி ஒருமுறை பார்வையாளர் பக்கம் திரும்பி, பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் இந்த ரோட்டைப் போடுறேல்லை எண்டு நான் சொல்லட்டோ? ரோட்டுத் திருந்தினா ஒருத்தற்ற சைக்கிளுக்கும் காத்துப் போகாது. காத்துப் போகாட்டித் தவிசாளற்ற கடைக்கு ஒட்டு வேலை வராது!"

சபை ஓவென்று சிரித்தது. நாகேஸ்வரியின் காது சிவந்து போயிற்று. சுடலைமுத்து ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்தக் குற்றச்சாட்டுக்குப் பிறகு எனக்குச் சொல்ல வாயில்லை. உறுப்பினர் முன்மொழிஞ்சதைச் சபை தீர்மானிக்கட்டும்."

எதிரணி கை தூக்கியது, தவிசாளரை அவமானப்படுத்திய சந்தோசத்தில். ஆளும் அணி கை தூக்கியது, அவமானத்தைத் துடைக்க. ஒரு கையும் கீழே இல்லை.

அடுத்த நாளே நாகேஸ்வரி தையல் கடைக்குப் போய், வெட்டாமல் கிடந்த சட்டைத்துணியைத் திருப்பி எடுத்தாள்.

"கடையை இழுக்காத எண்டனான்."

"அக்கா, ஒரு நிமிசம் கேளுங்கோவன்..."

"சரீபாவுக்காகப் பொறுத்தன். இனி நீ ஆரோ நான் ஆரோ."

மழைக்கு முன்னம் சபையின் இயந்திரம் வந்தது. கிரவல் கொட்டி, மட்டமாக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டினார்கள். குழி இருந்த இடம் எதென்று சிவராசாவாலேயே காட்ட முடியவில்லை. இனி அண்ணையைத் தோற்கடிக்கத் தேவையில்லை என்று மதிலுக்கு மேலால் அறிவித்தார். மார்கழியில் ஒரு மத்தியானம், தகரத்தில் ஆணி கொட்டுவது மாதிரி மழை பெய்துகொண்டிருந்தபோது றினோஸாவுக்கு வலி தொடங்கியது. அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வந்து, சரீபாவின் வாசலில் திரும்பி, அவளை ஏற்றிக்கொண்டு, குலுங்காமல் போனது. குடையோடு வாசலில் நின்ற நாகேஸ்வரி, அது சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்தது பெண்பிள்ளை. சத்தம் முல்லைத்தீவுக் கடற்கரைவரை கேட்டதாம். சரி, ஆஸ்பத்திரி வாசல்வரை.

பிள்ளையின் நாற்பதாம் நாளுக்குச் சரீபா ஊரையே கூப்பிட்டாள். பலர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டுகளான புரியாணிச் சகன்களைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒழுங்கை திருந்திய இந்தக் கதை அங்கேயும் சொல்லப்பட்டது, முதலையில் தொடங்கி. புருசனை ஏசுவதற்கு ஆள் பிடித்த உலகத்தின் முதல் பெண்சாதி நாகேஸ்வரிதான் என்ற இடம் வந்ததும் சிவராசாவுக்குப் புரைக்கேறியது. தயாளினியும் வந்திருந்தாள். நாகேஸ்வரி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்டுக் கடையை இழுத்த இடம் வந்தது. அந்த முதுகு இன்னும் விறைத்தது. சுடலைமுத்து திடீரென்று எழும்பி, கை கழுவவேண்டும் என்று கிணற்றடிப் பக்கம் நடந்தார். அவர் இன்னும் ஒரு பிடிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"நில்லுங்கோ முத்தண்ணை, ஓடாதேங்கோ," என்றாள் தயாளினி. "கதை எல்லாம் சரி. ஒண்டு மட்டும் பிழை. ஆள் பிடிக்க முதல் வந்தது நாகேசக்கா இல்லை. அவா சட்டைத்துணியோட வந்ததுக்கு முதல்நாள் பின்னேரம், காற்சட்டை ஒண்டைத் தூக்கிக்கொண்டு இந்த மனுசன் வந்து நிண்டவர். 'பிள்ளை, றினோஸாவுக்கு நாள் கிட்டுது, நான் கேக்கேலாது, நீ என்னைச் சபையில நாறடி, மனுசிக்குத் தெரியவேண்டாம்' எண்டு. அந்த ஒட்டுக் கடைக் கதை நான் யோசிச்சதே இல்லை அக்கா. அவர் சொல்லித் தந்தது. நான் மாட்டன் எண்டன். அதைச் சொன்னாத்தான் தன்ர வாய் அடைபடும் எண்டவர். ரெண்டுதரம் சொல்லிக் காட்டவும் வைச்சவர். முதல்தரம் கோவம் காணாதாம்."