முதலில் என்னைக் கேட்டார்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு தனியார் பள்ளியில் நான் வேன் ஆயா. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு வராது. பிள்ளைகளிடம் மட்டும் நன்றாகப் பேசுவேன்.

அப்போது எங்கள் பள்ளி முதல்வராக இருந்த மேடம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகத் தொடங்கி அந்த நாற்காலிக்கு வந்தவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும், குறைவாகப் பேசுகிறவரைத்தான் முதலில் கேட்பார். பெரியவர்கள் பேசிவிட்டால் மற்றவர்கள் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் எப்போதும் முதலில் மாட்டுவது நான்தான். "நீங்க சொன்னா சரிங்க மேடம்" என்று தப்பித்துக்கொள்வேன். வேன் ஓட்டும் தம்பி, "அக்கா வாயத் தொறந்துட்டாங்க, கொடைய எடுங்கப்பா" என்று கிண்டல் செய்வார்.

அன்று மழை வலுத்ததால் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். கடைசி நடையில் மேடமும் எங்களோடு ஏறிக்கொண்டார். பிள்ளைகளின் ஊருக்கு முன்னால் உள்ள தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் பெற்றோர் குடைகளோடு நின்று, வரச்சொல்லிக் கையசைத்தார்கள். எங்கள் கண்ணெதிரே ஒரு பால்காரர் வண்டியை உருட்டிக்கொண்டே கடந்துபோனார்.

"கணுக்கால் தண்ணிதான் மேடம். ஒரே மிதி, தாண்டிரலாம்" என்றார் தம்பி.

"இருங்க தம்பி." மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பின்னால் பிள்ளைகள் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். "பயமா இருக்குங்க மேடம். திரும்பிரலாம்ங்க" என்றேன்.

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "திருப்புங்க தம்பி" என்றார்.

பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்து உப்புமா கிண்டிப் போட்டோம். பெற்றோர்கள் மெயின் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு, நனைந்து, இருட்டும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு மினி பஸ் அதே பாலத்தில் சாதாரணமாகப் போனதாம். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்தார்கள். எல்லார் முன்னாலும் பள்ளித் தாளாளர் மேடத்திடம் கேட்டார்: "ஆயா பேச்சக் கேட்டுத்தான் ஸ்கூல் நடத்துறீங்களா?"

நான் தூணோடு தூணாக நின்றேன்.

"அவங்கள யோசனை கேட்டேன் சார். முடிவெடுத்தது நான். நாளைக்கு இதே மாதிரி மழை வந்தாலும் அதேதான் செய்வேன்" என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

அடுத்த வருடம் அவர் அந்தப் பதவியில் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. கிளம்பும் நாளில், "என்னாலதான மேடம்?" என்று கேட்டேன். நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் சிரித்தார். "நீங்க போகலாம்னு சொல்லியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நான்தாம்மா. அதுக்குத்தான அந்த நாற்காலி" என்றார்.

இப்போது அவர் எந்தப் பள்ளியிலும் முதல்வர் இல்லை. நாகூர் வரைக்கும் பள்ளி பள்ளியாகப் போய், புதிதாக முதல்வர் ஆனவர்களோடு உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறார். எங்கள் பள்ளிக்கு இந்த வருடம் வந்த இளவயது முதல்வரும் அவரிடம் பயின்றவர் என்பது முதலில் எனக்குத் தெரியாது. முதல் கூட்டத்தில் அந்த சார் எல்லாரையும் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்து, "அம்மா, நீங்க முதல்ல சொல்லுங்க" என்றார். டிரைவர் தம்பி குடை விரிப்பதுபோல் கைகாட்டினார். நான் எழுந்து சொன்னேன்.

சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால், தப்பாகப் போனாலும் கேட்டவர் என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்காததை ஒருமுறை பார்த்துவிட்டேன், அந்தத் தைரியத்தில்தான் வாய் திறக்கிறேன்.