தோளில் இரண்டு தட்டு

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். ஊருக்குத் திரும்பியதும் முடிச்சூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நிர்வாகம் பார்த்தார். கட்டடம், வேன், வாத்தியார்கள் சண்டை எல்லாமே அவர் தலையில்தான். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது பட்டாளத்திலேயே போயிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இன்னொரு காதும் மங்கிவிட்டது.

அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. சாயங்காலமானால் அதை எடுத்துக்கொண்டு தாம்பரம் போவார். அங்கே ஒரு டீக்கடையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடுவார்கள். ஒருநாள் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தும் கேட்காமல் நடுரோட்டிலேயே போயிருக்கிறார். அந்த பஸ்ஸில்தான் என் மகன் வேலைவிட்டு வந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும், "வண்டிய வித்துடலாம்மா. அவரு அடிபடறத நான் பாக்கணுமா?" என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வண்டி போனால் இவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். வண்டியைத் தொடக்கூடாது என்று மகன் சொல்லிவிட்ட அந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுத் தெருவையே பார்த்தபடி இருந்தார். சாம்பாரில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். காது மட்டும் நாலு தெரு தாண்டி வரும் பால்காரர் சைக்கிள் மணியைப் பிடித்துவிடும். "நான் பின்னாடி உக்காந்துக்கறேன்டா. அவருக்கு நான் காதா இருக்கேன்" என்றேன்.

மகன் சிரித்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டட்டும். ஸ்கூட்டர்ல பின்னாடியே வரேன். சரியில்லன்னா வித்துடுவேன்" என்றான்.

இவருக்குப் பட்டாளம் திரும்பி வந்துவிட்டது. கூடத்துப் பெஞ்சில் முன்னால் இவர், பின்னால் நான். தோளில் ஒரு தட்டு என்றால் பின்னால் வண்டி, ஓரம் போகணும். இரண்டு தட்டு என்றால் நிற்கணும். "பலமா தட்டு! ஈ ஓட்டறியா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வூட்டுக்குள்ளவே வண்டி ஓட்டிகினு கீறீங்க? பெட்ரோல் மிச்சமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஒரு தட்டு, லாரி தாண்டிப் போனது. இன்னொரு தட்டு, பஸ் தாண்டிப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது பார்த்து, ரோட்டோரம் சாக்கில் குவித்த கத்தரிக்காய், காம்பு வாடாமல் பளபளவென்று! "ஏங்க, கத்தரிக்கா!" என்று என்னையறியாமல் தோளில் இரண்டு தட்டிவிட்டேன்.

மொபெட் சட்டென்று நின்றது. பின்னால் வந்த மகன் ஸ்கூட்டரை ஒடித்து மண்ணில் இறக்கினான்.

"என்னம்மா ஆச்சு?"

"கத்தரிக்கா" என்றேன். வண்டி போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் மகனைப் பார்த்து, "ரெண்டு தட்டு வந்துச்சு, நின்னேன். எதுக்குன்னு கேக்கறது என் வேலையில்ல" என்றார்.

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் காதருகே குனிந்து, "நல்லா காது கேக்கறவனே இவ்ளோ சீக்கிரம் நிக்க மாட்டான்பா. ஓட்டுங்க. ஆனா அம்மா இல்லாம வாசலத் தாண்டக் கூடாது" என்று கத்தினான்.

எல்லையில் இருந்தபோதும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் அவருடைய பகல்கள் நான் இல்லாமல்தான் போயின. இப்போது நான் இல்லாமல் ஒரு டீ குடிக்க முடியாது. டீக்கடையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். தாம்பரத்தையும் தாண்டிக் கீழ்க்கட்டளை வரைக்கும்கூடப் போய்வந்தோம்.

கத்தரிக்காயை அன்றைக்கு வாங்க வெட்கமாக இருந்தது. மறுநாள் அதே இடத்தில், பின்னால் மகன் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நிதானமாக இரண்டு தட்டு தட்டினேன்.