தோல் துண்டில் கட்டிய சாவி

மகள் இயற்பியல் நோட்டை நீட்டினாள். “மாடிலர்ந்து நேரா வீசுன கல்லு எங்க விழும்மா?”

கல் விழும் அந்த வளைகோட்டை எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். அம்மா வேலை செய்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் மணியடிக்கும்வரை கேட்டைத் தாண்ட முடியாது. நான் பள்ளிவிட்டு வந்ததும், வீட்டுச் சாவியைத் தோல் துண்டில் கட்டி, கம்பெனி மாடி ஜன்னலிலிருந்து கீழே கால்வாய்ப் பக்கம் வீசுவாள்.

“காவா ஓரமா நில்லுடி!”

பசை நாற்றத்தோடு வளைந்து வந்து சரியாக என் கையில் விழும்.

பிளஸ் டூவில் அந்தக் கணக்குக்கு எனக்கு முழு மதிப்பெண். “நீ இந்தக் கம்பெனிப் பக்கமே வராத” என்பாள் அம்மா. அவள் மூச்சிரைப்பு வந்து படுத்ததும், அவளுடைய மெஷினில் நான் உட்கார்ந்தேன்.

மகள் விடைக்காகக் காத்திருந்தாள்.

“காவா ஓரமாதான்” என்றேன். “தெனம் நான் சாவி போட்டா நீ புடிக்க நிப்பியே, அங்க.”