ஆடி மாதத்து நல்ல நாட்கள்

நான் கிராம சுகாதாரச் செவிலியர். சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கடலோரக் குப்பங்களும் உள்ளே தள்ளி இருக்கிற நாலைந்து ஊர்களும் என் பொறுப்பு. ஸ்கூட்டியில் போய் வீடு வீடாக இறங்கி பிரஷர் பார்ப்பேன், கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பேன், புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவேன். கூடவே ஒரு தாளில் ஒன்பது கேள்விகளும் கேட்பேன். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனசு சரியில்லாமல் இருந்தது, எதிலும் ஈடுபாடு இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க் உண்டு. கூட்டிப் பார்த்தால் மனச்சோர்வு லேசா, நடுத்தரமா, கடுமையா என்று ஒரு அளவுக்குத் தெரியும். அதிகம் வந்தவர்களை டாக்டரிடம் அனுப்பிவைப்பேன்.

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது போய் மனசு கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லாத்தான் கீறேன்" என்று பதில் வரும். "தல கனமா கீதா? கை காலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி கீதா?" என்று கேட்டால் போதும், மடமடவென்று கொட்டுவார்கள். இந்த வித்தை எனக்குக் கைவந்தது என்று நானே மெச்சிக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான்தான் போன தீபாவளி முடிந்த கையோடு படுக்கையில் விழுந்தேன். எழுந்து பல் தேய்ப்பதே மலையாக இருந்தது. ரத்தசோகை என்று சொல்லிக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரையை முழுங்கினேன். ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்து, அந்தத் தாளை எனக்கே நிரப்பினேன். இருபத்தேழுக்கு இருபத்தொன்று வந்தது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். என்னை நான் அனுப்ப மூன்று வாரம் ஆனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் வீட்டுக்காரர் ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறார். அவர் லீவு போட்டுக் கூட்டிப்போனார். மனநல டாக்டர் தெற்கத்திப் பக்கத்து அம்மா. என் இருபத்தொன்றைப் பார்த்துவிட்டு, "இது கதவைத் தட்டற சத்தம் மட்டும்தான். யார் வந்திருக்காங்கன்னு இனிமேதான் பாக்கணும்" என்றார். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். எப்போது ஆரம்பித்தது, வேலை எந்த அளவுக்குக் கெட்டது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று முக்கால் மணி நேரம் கேட்டார். பிறகு இப்படிக் கேட்டார்:

"இதுக்கு நேர் எதிரா எப்பவாவது இருந்திருக்கீங்களா? தூக்கமே தேவைப்படாம, களைப்பே தெரியாம, பேச்சும் யோசனையும் ரொம்ப வேகமா, நாலஞ்சு நாள் தொடர்ந்து?"

"இல்லீங்க மேடம்" என்றேன் பட்டென்று. வீட்டுக்காரரும் இல்லை என்று தலையாட்டினார்.

இரண்டு பேரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. அதற்கு முந்தின வருடத்து ஆடி மாதம் எங்கள் கணக்கில் நோயாகவே இல்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் காலத்தில் ஆடிக் கூழுக்கு எங்கள் ஜனம் அடுத்தவர் கோயிலில் தள்ளி நின்று பாத்திரம் நீட்டியிருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் எங்கள் அம்மன், எங்கள் கூழ். அந்த வருடம் விழாக் கமிட்டிக்குள் சண்டை வந்து எல்லோரும் விலகிக்கொண்டார்கள். நான் எடுத்துச் செய்கிறேன் என்று கிளம்பினேன். பதினோரு நாள். இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். காலையில் டியூட்டி, சாயங்காலம் பந்தல், நோட்டீஸ், மைக் செட். தெரு முழுக்க நானே கோலம் போட்டேன். பாட்டு எழுதி நானே பாடினேன். எதிர்த்துப் பேசிய பெரிய மனுஷரை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டேன். கடைசி நாள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டோவில் நான் சிரிக்கிற மாதிரி வேறு எந்தப் போட்டோவிலும் சிரித்ததில்லை. இதையெல்லாம் எந்தப் பைத்தியக்காரி டாக்டரிடம் போய் வியாதி என்று சொல்வாள்?

டாக்டர் எழுதினார்: மனச்சோர்வு, கடுமையானது, முதல் முறை. மாத்திரையைக் கொடுக்கும்போது, "தூக்கம் குறைஞ்சு வேகம் ஏறினா உடனே வரணும்" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் பசித்தது. நாலாவது வாரம் டியூட்டிக்குப் போனேன். ஆறாவது வாரம் பறந்தேன். ஒரே நாளில் நாற்பது வீடு. மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் மேற்பார்வை அதிகாரி என்னை எழுப்பி நிற்கவைத்து, எல்லோரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே உடம்பு கும்மென்று இருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கிறவள் எதற்கு டாக்டரிடம் போகணும் என்று அதை ஓரம் கட்டினேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. குப்பத்து அங்கன்வாடியில் தடுப்பூசி முகாம். ஒன்றரை மாதக் குழந்தை ஒன்றுக்கு இடது தொடையில் ஊசி போட்டேன். அடுத்து வலது தொடையில் வேறொரு மருந்து போட வேண்டும். வாய் ஓயாமல் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டே திரும்பினேன், முதலில் போட்ட மருந்தையே மறுபடியும் சிரிஞ்சில் எடுத்தேன், அதே இடது தொடையைப் பிடித்தேன். குழந்தையின் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், இந்தக் கால்ல இப்பத்தான குத்தின? மறுபடியும் இன்னாத்துக்கு எடுத்துகினு வர்ற?"

தொடையில் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. பதினெட்டு வருடமாக ஊசி பிடிக்கிற கை இது. சிரிஞ்சைக் கீழே வைத்தேன். பக்கத்து எல்லைச் செவிலியருக்குப் போன் போட்டு, வந்து முகாமை முடித்துக்கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கால் தானாக ஆடியது. மனசு பத்துத் திசையில் ஓடியது. இதே ஓட்டம் எனக்குப் பழக்கமானது என்பது அப்போதுதான் உறைத்தது. பந்தல் கால் நட்ட நாளிலிருந்து பொன்னாடை வரைக்கும் நான் இப்படித்தான் ஓடினேன்.

மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் அந்தப் பதினோரு நாளையும் ஒன்று விடாமல் சொன்னேன். வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மேடம் இது? அது சாமி காரியம். தெருவே இவள மெச்சிச்சு. அதப் போயி சீக்குன்னு எழுதிகினா எப்டி?"

"சாமி காரியத்தை நான் எதுவும் சொல்லலைங்க. எத்தனை மணி நேரம் தூங்கினாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "தூங்கவேயில்ல மேடம்" என்றார்.

டாக்டர் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார். மனசு இறங்கிக் கிடக்கும்போது மனச்சோர்வும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார். மனசு ஏறின காலமும் தெரிந்தால்தான் எது என்று பிரிக்க முடியும், மருந்தும் வேறு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு இப்படித் தூக்கிவிட்டுவிடும் என்றார்.

"அப்ப அந்த ஆடி மாசம் நான் இல்லையா மேடம்?"

"கொஞ்சம் நீங்க, கொஞ்சம் அது. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது."

அழுதேன். வெட்கமில்லாமல், வீட்டுக்காரர் முன்னாலேயே அழுதேன். என் வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பதினோரு நாள் அது. இனி எழுதப்போகிற மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த மாதிரி இன்னொரு பதினோரு நாள் வராது. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க மேடம்" என்றேன்.

"நான் சொல்ற வரைக்கும் ஊசியைத் தொடாதீங்க" என்றார்.

அங்கேயே, அந்த நாற்காலியிலேயே போனை எடுத்து மேற்பார்வை அதிகாரியைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல் என்று சைகை காட்டினார்.

"மேடம், எனக்கு பைபோலார்னு டாக்டர் எழுதியிருக்காங்க. நேத்து ஒரு குழந்தைக்கு ஒரே மருந்த ரெண்டு தடவை போட இருந்தேன். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் என் புதன்கிழமைய வேற ஆளுக்குக் குடுங்க. அப்புறம் நான் திரும்பி வருவேன்."

பதில் வரும்வரை நான் போனை வைக்கவில்லை.