எவர்சில்வர் கிட்டார்

ஸ்டீல் கிட்டார் என்றால் எவர்சில்வரில் செய்த கிட்டார் என்று ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொடைக்கானலில் ஒரு ரிசார்ட் புல்வெளியில் மைக்கைப் பிடித்து, ஊர் உலகத்துக்கு விளக்கமும் சொன்னேன்.

அந்த ரிசார்ட் மேனேஜருக்கு கன்ட்ரி மியூசிக் என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டின் மீது காதல் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கரையில் குதிரை சவாரி போகிறவர்கள் தாடைக்குக் கீழே கயிறு கட்டிப் போட்டுக்கொள்கிற கௌபாய் தொப்பி இருக்கிறதே, அது ஒரு மூட்டை அவரிடம் மிச்சம் கிடந்தது. தொப்பிக்கு ஒரு விழா தேவைப்பட்டது. ‘கன்ட்ரி மியூசிக் வரலாற்றில் மறக்க முடியாத தருணங்கள்’ என்று ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டு, பாட என் நண்பனைப் பிடித்தார்.

நண்பன் பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சிக்காரன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவன். விடலை வயதில் டவுனில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை பார்த்தபோது, யாரோ விட்டுப்போன கன்ட்ரி கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு கிட்டார் பழகியவன். முப்பது வருஷமாகப் பூண்டுக் காட்டுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். மேனேஜருக்குப் பிடித்துப்போனால் சீசன் முழுக்க சனிக்கிழமை தவறாமல் மேடை. மனுஷர்கள் முன்னால் வாசிக்கலாம். அவனுக்குப் பேச்சு வராது. அதனால் நடுவில் கதை சொல்ல என்னைக் கூட்டிப்போனான். கல்யாண வீட்டில் மைக் பிடித்து மொக்கை போடுவது என் தொழில். அதைத் தொழில் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நாலு தருணங்களை நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, “நல்லாப் படிச்சுட்டு வா மாப்ள” என்றான். தலைப்பை மட்டும் படித்தேன்.

அமெரிக்க மலை விவசாயிகளின் பாட்டு முதன்முதலாக ரெக்கார்டு ஆனது ஒன்று. ரேடியோ அதை வீடு வீடாகக் கொண்டுபோனது இன்னொன்று. நான் சொன்னேன், அவன் பாடினான், ஒருத்தரும் கேட்கவில்லை. தொப்பி மாட்டிய கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு தொந்திக்காரர் குதிரையே இல்லாமல் குதிரை ஓட்டி வீடியோ எடுக்கச் சொன்னார்.

மூன்றாவது தலைப்பு, ‘ஸ்டீல் கிட்டார் வந்தது’. மடியில் படுக்கவைத்து, கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது என்று கீழே தெளிவாக எழுதியிருந்தான். அதை யார் படித்தது?

“அந்தக் காலத்துல கிட்டாரெல்லாம் மரத்துலதாங்க. மழையில ஊறி ஊறி வெறுத்துப் போயி, எவர்சில்வர்ல அடிச்சுப்புட்டாய்ங்க!”

முன்வரிசையில் ஒரு அம்மா, “அப்ப வெளக்கிக் கவுத்திறலாம்னு சொல்லுங்க” என்றார்.

“கவுத்தலாங்கம்மா. பேரு வெட்டியும் வாங்கிக்கலாம்.”

புல்வெளியே சிரித்தது. முதல்முறையாக செல்போன்கள் இறங்கின. நண்பன் என் சட்டையை இழுத்தான்.

“ஏலே, அது வேற. தள்ளு, நான் வாசிச்சுக் காட்டுறேன்.”

கிட்டாரை ஏற்கெனவே மடியில் கிடத்தியிருந்தான். வத்தலக்குண்டு லேத் பட்டறையில் ஒரு குழாய்த் துண்டை வழவழவென்று தேய்த்து வாங்கி, ஒரு மாதமாகப் பழகியது இந்த ஒரு பாட்டுக்காகத்தான். எனக்கும் தெரியும்.

“ரெண்டே நிமிசம் மாப்ள” என்றேன்.

அந்த ரெண்டு நிமிஷத்தில் என் கதையில் சீர்வரிசைத் தட்டில் கிட்டார் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை எடை போட்டார்கள். அத்தைக்காரி தட்டிப் பார்த்துவிட்டு ‘அடி கனமில்லை’ என்றாள். கடாமாடு மாதிரி வளர்ந்தவன், சிரிப்புச் சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றேன். மேனேஜர் வந்து மைக்கைப் பிடுங்கி, “கெஸ்ட்ஸ், மொளகா பஜ்ஜி ரெடி!” என்றார். வரலாறு அத்தோடு முடிந்தது. ஒரு கேன்வாஸ் நாற்காலிகூட மிச்சமில்லாமல் காலி. நண்பன் குழாய்த் துண்டை சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேனேஜர் என் தோளில் கை போட்டார். “செம்ம சார். எவ்ரி சாட்டர்டே வந்துருங்க. பாட்டுக்கு ஸ்பீக்கர் இருக்கு, அவர் வேணாம்.”

நண்பன் ரெண்டடி தள்ளி கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மானமுள்ள ஒருவன் அப்போது சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது. நான் கேட்டது இதுதான்: “எத்தன மணிக்குங்க சார் வரணும்?”

பஸ் ஸ்டாண்டு வரை அவன் பத்தடி முன்னாலேயே நடந்தான். கவுஞ்சி பஸ் வந்தது.

“சும்மா தமாசுக்குத்தான மாப்ள” என்றேன்.

படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான். “நாலு பேரு சிரிச்சாப் போதும்ல ஒனக்கு, பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருக்கான்கிறதே மறந்துரும். சனிக்கெழம நீ வெள்ளனே போயிரு. எங்கிட்டப் பேசாத.”